உள் தாழ்ப்பாள்

சந்தாபுரா
22 ஜனவரி 2024

அப்பாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நேற்று நேரில் வந்து மணியடித்தேன். கிரில் கேட்டுக்குப் பின்னால் நின்றபடி, "அவ தூங்கறா, அப்புறமா வா" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அம்மா தூங்கவில்லை. அவள் குரல் எனக்குக் கேட்டது. மல்லேஸ்வரத்திலிருந்து சந்தாபுராவரை பஸ்ஸில் திரும்பி வரும்போது, கடிதமாவது போடலாம் என்று தோன்றியது. கடிதத்தின் முகத்தில் யாரும் கேட்டைச் சாத்த முடியாதே.

என் தமிழில் பிழை இருக்கும். இந்த ஒரு முறை திருத்தாதீர்கள்.

சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லா டப்பாவோடு வந்தேன். கதவு திறந்திருந்தது. நீங்கள் சமையலறையில் அம்மாவுக்கு சாதம் குழைத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் மயில்கண் அங்கவஸ்திரத்தை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய் நாற்காலி முதுகில் முடிந்திருந்தீர்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

நான் கத்தினேன். பக்கத்து ஃபிளாட்வரை கேட்டிருக்கும். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்தான். ஆனால் நீங்கள், "உனக்கு என்ன தெரியும், நீ வெளியே போ" என்றீர்கள். அம்மாவின் முன்னாலேயே சொன்னீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரீஹாப் சென்டர் இருக்கிறது. போய் விசாரித்தேன். சில வாரங்கள் அங்கேயே தங்க வைத்து, நடக்கவும் பேசவும் பழக்குகிறார்கள். பக்கவாதம் வந்த முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் சுலபமாக வருமாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்ட வேண்டுமாம். அம்மாவுக்கு நவராத்திரியில் வந்தது. நாள் போய்க்கொண்டிருக்கிறது அப்பா.

முயற்ச்சியாவது செய்வோம். பதில் போடுங்கள்.

அனன்யா


மல்லேஸ்வரம்
30 ஜனவரி 2024

சௌபாக்கியவதி அனன்யாவுக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நீ பார்த்தது உண்மை. பார்க்காததை எழுதுகிறேன்.

டிசம்பரில் ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தோடு வெளியே வந்து பார்த்தால் உன் அம்மா தரையில் கிடக்கிறாள். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். தானே எழுந்து எங்கேயோ போகப் பார்த்திருக்கிறாள். எங்கே என்று கேட்டால் சொல்ல வாய் இல்லை. இன்னொரு தடவை இப்படி விழுந்து இடுப்பு எலும்பு போனால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்துதான் அந்த அங்கவஸ்திரம். குளிக்கிற நேரம், சமைக்கிற நேரம், அவ்வளவே. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் அடுப்படியிலும் ஹாலிலும் எப்படி இருப்பான்? நீ எழுது, தெரிந்துகொள்கிறேன்.

பிசியோதெரபிக்கு சில்வெஸ்டர் என்று ஒருவர் வந்தார். நல்ல பையன்தான். ஆனால் அவர் தோளைத் தூக்கியபோது அவள் அலறிவிட்டாள். மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை பட்டது போதாதா அவள்? சாதம் ஊட்டுகிறேன், தலை வாருகிறேன், புடவை கட்டிவிடுகிறேன். அவள் விரலசைத்துச் செய்ய வேண்டியது இந்த வீட்டில் எதுவும் இல்லை. நிதித் துறையில் துணைச் செயலராக இருந்தவன் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன்.

உன் போனை ஏன் எடுப்பதில்லை என்றால், ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டாலே அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். நிறுத்த முடிவதில்லை. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்று. உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. அவள் வாயில் வருகிற நாலைந்து வார்த்தையும் கன்னடம். "பேடா" என்கிறாள், வேண்டாமாம். "ஸும்னிரு" என்கிறாள். சும்மா இரு என்று, வகுப்பில் சின்னப் பிள்ளைகளை அதட்டுவதுபோல் என்னை! கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்குள் ஒரு வார்த்தை கன்னடம் பேசியதில்லை. ஸ்கூல் கன்னடத்தை அவள் ஸ்கூலிலேயே விட்டுவிட்டு வருவாள். அவளுக்கு நான் யார் என்று தெரிகிறதா, அல்லது முதல் பெஞ்சில் உட்கார்ந்த யாரோவா?

முயற்சி. நடுவில் ச் வராது.

கஸ்தூரிரங்கன்


சந்தாபுரா
6 பிப்ரவரி 2024

அப்பா,

அம்மா விழுந்ததை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தையல் போட்டார்களா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? இதை உங்களிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

சென்டரில் பேச்சுப் பயிற்சி தருகிற ஜூடித் என்பவரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. "அழுதா உடனே துக்கம்னு நினைக்காதீங்க. மூளையில அடிபட்டா அழுகையும் சிரிப்பும் தானா பீறிட்டு வரும். கூட இருக்கறவங்க பயந்துடறாங்க, அதான் பிரச்சனை" என்றார். என் குரலைக் கேட்டு அம்மா அழுதால் சந்தோஷமாகக்கூட இருக்கலாம். நீங்கள் என் போனைத்தான் நிறுத்தினீர்கள்.

கன்னடத்தைக் கேட்டு அவர் சிரித்தார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று முதலில் திரும்புமாம். அம்மா வாழ்நாள் பூராவும் அரசுப் பள்ளியில் கன்னடத்தில் அதட்டியிருக்கிறாள். அந்த வழி நன்றாகத் தேய்ந்த வழி, அதனால் வார்த்தை அதில் வருகிறது. உங்களை அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இரு என்கிறாள்.

அப்பா, இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். எழுதிவிடுகிறேன். ஸ்பூன் தானாக வாய்க்கு வந்தால் அந்தக் கை ஏன் நகரும்? விரலசைக்க வேண்டியதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அசைக்கத்தானே வேண்டும்! ஆபீஸ் இருந்தவரை நீங்கள் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. ரிடையரான பிறகு உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அம்மா குணமானால் அது போய்விடும். அதனால்தான் விட மாட்டேன் என்கிறீர்கள்.

அனன்யா


மல்லேஸ்வரம்
15 பிப்ரவரி 2024

அனன்யாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பாராவுக்குப் பதில் எழுதும் நிலையில் நான் இல்லை.

தையல் போட்டார்கள். வடு தெரியவில்லை.

நேற்றிலிருந்து உன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஸ்பூனைத் தட்டிவிட்டாள். ரசம் சாதம் சுவரெல்லாம். மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் பழத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறாள். மெடிக்கல் ஷாப்புக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறேன். ஓடிப்போய் ஓடி வருகிறேன். அதைத் தவிர இந்த வீட்டு வாசலை நான் தாண்டி எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கு வைக்கவில்லை.

தோளை அப்படித் தூக்கத்தான் வேண்டுமா? அந்த அம்மாளிடம் கேட்டுச் சொல்.

அப்பா


சந்தாபுரா
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பா,

போன கடிதத்தில் எழுதியது அதிகம். தபால் பெட்டியில் போட்ட கையோடு தெரிந்துவிட்டது. போனில் எடுத்து வைத்திருந்த படத்தை உங்கள் மாப்பிள்ளை சுதீரும் படித்துவிட்டு, "உங்க அப்பா மூஞ்சியைப் பார்த்துண்டு இதைச் சொல்லுவியா?" என்றார். சொல்லியிருக்க மாட்டேன்.

தோளைப் பிடித்து இழுக்கக்கூடாதாம். மெதுவாக, கையைத் தாங்கிக்கொண்டு அசைக்க வேண்டுமாம். சில்வெஸ்டர் அவசரப்பட்டிருக்கலாம். நீங்கள் பயந்ததில் தப்பில்லை.

நேற்று சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் ஒரே கையால் வாழைப்பழம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். பழம் நசுங்கி, நழுவி, தரையில் விழுந்தது. பக்கத்தில் அவர் மனைவியை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்லியிருந்தார்கள். உதவிக்குப் போய்விடக் கூடாதாம். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளியே பூட்டாதீர்கள். கேஸ் கசிந்தால், ஷார்ட் சர்க்யூட் ஆனால், அம்மா என்ன செய்வாள்? சிலிண்டரை மூடுங்கள், அவளைக் கட்டிலில் உட்கார வையுங்கள், சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டு மட்டும் வேண்டாம். அங்கவஸ்திரமும்.

அனன்யா


மல்லேஸ்வரம்
4 மார்ச் 2024

அனன்யாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

சனிக்கிழமை மத்தியானம் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. நீ சொன்னபடியே சிலிண்டரை மூடினேன். அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, "ராஜி, மாத்திரை வாங்கிண்டு இதோ வந்துடறேன். எழுந்திருக்காதே" என்றேன். தலையை ஆட்டினாள். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனேன். பூட்டாமல் போனதால் படியில் இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன். அவசரத்தில் போனை ஹாலிலேயே விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து தள்ளினால் கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். "ராஜி! ராஜி!" என்று தட்டினேன். பிறகு தரையில் ஏதோ இழுபடுகிற சத்தம். கால். ஒரு கால் வைத்து, இன்னொரு காலை இழுத்து, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு சொன்னாள்.

"ஆச்செ ஹோகு."

வெளியே போ என்கிறாள்.

"நான் வெளியிலதாண்டி நிக்கறேன்! கதவைத் தொற!" என்று கத்தினேன். அந்தக் கால் திரும்பிப் போயிற்று.

கீழே இஸ்திரி போடுகிற முனியப்பன் சத்தம் கேட்டு மாடி ஏறி வந்தான். "என்னா சார், லாக் ஆயிடுச்சா? கார்பெண்டரைக் கூட்டியாரட்டா? ஒடைச்சிடலாம்" என்றான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அடுத்த நிமிஷம் அந்தப் பாத்திரத்தை அவள் திட்டுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. திட்டு என்பது மட்டும் புரிந்தது.

முனியப்பன் கேட்டான், "அம்மா நடக்கறாங்களா சார்?"

"தெரியலை முனியப்பா" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ராத்திரி பகல் பக்கத்திலேயே இருக்கிறவன் சொல்கிற பதிலா அது? ஆனால் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் தூக்கிவிடுவேன். எப்படித் தெரியும்?

கார்பெண்டர் வேண்டாம் என்று சொல்லி அவனை அனுப்பினேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். குழாய் திறந்தது. மூடியது. ஸ்டூல் இழுபட்டது. ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது. "ராஜி!" என்றேன். "ஸும்னிரு" என்று வந்தது. சும்மா இருந்தேன். உள்ளே போக வழியில்லை. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. சுவரில் தலையைச் சாய்த்தேன்.

தூங்கிவிட்டேன், அனன்யா. பட்டப்பகலில், படிக்கட்டில், மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. நவராத்திரிக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

உள்ளே போய்ப் பார்த்தேன். தரை முழுக்கப் பால். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. விழுந்திருக்கிறாள், எழுந்துமிருக்கிறாள். பச்சைப் பாலில் டிகாக்‌ஷனைக் கலந்து டம்ளரில் ஊற்றி வைத்திருந்தாள். பாதி மீதம் இருந்தது. எனக்கென்று வைத்தாளா, குடிக்க முடியாமல் வைத்தாளா, கேட்டால் சொல்லத் தெரியாது அவளுக்கு. நான் குடித்தேன்.

இதை நினைத்து சந்தோஷப்படுவதா, நடுங்குவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அம்மிக்கல் இருக்கிறது. ஆனால் ராத்திரி சாதத்தைப் பிசைந்து தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, என் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பாதி தரையில். பாதி வாயில்.

"அனன்யா வீட்டுப் பக்கம் ஒரு சென்டர் இருக்காம். போறியா?" என்று கேட்டேன். கேள்வி முடிவதற்குள் தலையை ஆட்டிவிட்டாள். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவர்களிடம் பேசு.

அப்பா


சந்தாபுரா
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பா,

ஞாயிறுதோறும் சென்டரில் சந்திக்கிறோம். ஆனால் அங்கே வராந்தாவில் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பழையபடி எழுதுகிறேன்.

இந்த வாரம் அம்மாவை அனுப்புகிறார்கள். நாலு கால் ஊன்றுகோலோடு ஹால் முழுக்க நடக்கிறாள், நீங்களே பார்த்தீர்கள். தமிழ் கொஞ்சம் வருகிறது. "மோர்" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். வலது கைவிரல்கள் இனித் திரும்பும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவிடமே சொன்னார். அவள் அந்தக் கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

எங்கே போகிறாள் என்று அவளையே கேட்க வேண்டும் என்றார் ஜூடித். மல்லேஸ்வரம் வீட்டுப் படம் ஒன்று, எங்கள் வீட்டுப் படம் ஒன்று, மேஜையில் வைத்தார். அம்மா மல்லேஸ்வரம் படத்தைக் கவிழ்த்துவிட்டாள். விரலால் படிக்கட்டுபோல் மேலே மேலே காட்டி, பிறகு கையை விரித்தாள். ஏறினால் இறங்க முடியாது என்கிறாள். ஜூடித் உங்கள் படத்தைக் கொடுத்தார். அதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். எந்தப் பக்கமும் வைக்கவில்லை.

இதை நான் சொல்லிக்கொடுத்துச் செய்ததாக நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழகிப் பார்க்கட்டும் என்று நேற்று அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சுதீர் ஊரில் இல்லை. தக்காளி வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் சாவி கையில் இருப்பதைப் பார்த்தேன். வெளியே பூட்டியிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்திருக்கிறது. திரும்பிப் போய்த் திறந்திருக்கலாம். போகவில்லை அப்பா. பூட்டியிருக்கிறது என்ற நிம்மதியோடு கடைக்குப் போய், நிதானமாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்தபோது அம்மா என்னைப் பார்த்தாள். சங்கராந்தியன்று அவள் ஏன் யாரையும் பார்க்கவில்லை என்று அப்போது தெரிந்தது. அந்தப் பார்வையை நம்மால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபீஸ் போக வேண்டும், அவளை விட்டுப் போகவும் முடியாது. இவ்வளவு நாள் உங்களுக்குப் புத்தி சொன்னேன்.

அனன்யா


மல்லேஸ்வரம்
4 மே 2024

அன்புள்ள அனன்யாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தவுடன் ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, ஸ்டாம்ப் இல்லை. கிழித்துப் போட்டேன்.

ராத்திரியில் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்திருப்பேனே, அதே நேரத்துக்கு இப்போதும் எழுந்து வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பகலிலும் கிரில் கேட்டைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். யார் போய்விடுவார்கள் என்று பூட்டுகிறேன், தெரியவில்லை. வெளியே போய் வரலாம் என்று சட்டை போட்டுக்கொண்டால் எங்கே போவது என்று தெரியாமல் கழற்றி மாட்டிவிடுகிறேன். அவள் படத்தை எந்தப் பக்கமும் வைக்காததில் எனக்குக் குறை இல்லை. கவிழ்க்கவில்லையே.

நீ பூட்டியதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. நன்றாகத் தூங்கு. தூக்கம் இல்லாதவன் கைக்குத்தான் பூட்டு முதலில் வருகிறது.

வியாழக்கிழமை சந்தாபுரா வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. முனியப்பனின் மச்சினன் அங்கே இருக்கிறான், அவன் ஒரு போர்ஷனைக் காட்டினான். உன் தெருவுக்குப் பின்தெரு. தரைத்தளம், ஒரு அறை, ஒரு சமையலறை. எனக்குப் போதும். இன்னும் முடிவு சொல்லவில்லை, உன் அம்மாவைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

அவளிடம் கேள். நான் பின்தெருவில் இருந்தால் அவளுக்குச் சம்மதமா? உன் ஆசையைச் சேர்க்காமல் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது. கன்னடத்தில் சொன்னால் கன்னடத்திலேயே எழுது.

சரி என்றால், நீ ஆபீஸ் போகிற நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் படிப்பேன். கூப்பிட்டால் ஒழிய எழுந்திருக்க மாட்டேன். எத்தனை மணிக்கு வரலாம் என்று அவளே சொல்லட்டும். அந்த நேரத்துக்கு வந்து மணியடித்துவிட்டு நிற்பேன். அவள் எழுந்து, ஊன்றுகோலைத் தேடி எடுத்து, நடந்து வந்து கதவைத் திறக்க நேரமாகும். நீ வீட்டில் இருந்தாலும் ஓடிப்போய்த் திறந்துவிடாதே.

அப்பா